எக்ஸ் ஐந்தைவிடச் சிறியது

சாக்பீஸ் விரல் நுனியில் கரையும்வரை விடமாட்டேன், அப்படி ஒரு கஞ்சன் நான். பாடத்தில் மட்டும் கஞ்சத்தனம் கிடையாது. என்னிடம் நுழைவுத் தேர்வுக்குப் படித்த பிள்ளைகள் எத்தனையோ பேர் வெளியூர்க் கல்லூரிகளில் இருக்கிறார்கள். எங்கள் அத்தான் தொட்டால் துலங்கும் என்று நீயே பெருமையடித்திருக்கிறாய். இப்போது அத்தான் என்ன செய்தார் என்று கேட்கிறாய். கேள், ஒளிக்க ஒன்றுமில்லை.

உன் அக்கா கண்ணை மூடியபோது பிள்ளைக்கு ஆறு வயது. தலை பின்னக்கூடப் பழகிக்கொண்டேன். பள்ளி முடிந்ததும் அவள் தேர்வு எழுதி, ரயிலில் ஒரு நாள் பயணமுள்ள கல்லூரிக்குப் போகப்போவதாகச் சொன்னாள். போகாதே என்று தடுக்கிற அப்பன் இல்லை நான். நானே சொல்லிக்கொடுக்கிறேன் என்றேன்.

அசமன்பாட்டில் ஓர் இடம் இருக்கிறது. மூன்றை, எக்ஸ் கழித்தல் இரண்டால் வகுத்தால் ஒன்றைவிடப் பெரியது; எக்ஸ் என்ன? கீழே இருப்பதை அப்படியே மறுபக்கம் பெருக்கினால், எக்ஸ் ஐந்தைவிடச் சிறியது என்று வரும். தப்பு. கீழே இருப்பது மைனஸ் என்றால் குறி திரும்பிவிடும். அதனால் எக்ஸ் இரண்டைவிடப் பெரியதாகவும் இருக்க வேண்டும். ஆனால் அவசரக்காரர்களுக்கென்றே அந்தத் தப்பையும் நான்கு விடைகளில் ஒன்றாக வைத்திருப்பார்கள். போடுகிறவருக்குச் சந்தேகமே வராது.

வகுப்பில் யாராவது இப்படிப் பெருக்கினால் காதைத் திருகாத குறையாகத் திட்டுவேன். என் மகளுக்கு மட்டும் அதையே குறுக்குவழி என்று கற்றுக்கொடுத்தேன். அவளுடைய பயிற்சித் தாள்களை நானே திருத்தினேன். எல்லாவற்றுக்கும் சரி போட்டேன்.

"அப்பா, ஜீரோ போட்டுப் பாத்தா ஒத்து வரலையே" என்று ஒருநாள் கேட்டாள். கெட்டிக்காரி.

"பரீட்சையில அதுக்கெல்லாம் நேரம் இருக்காதும்மா. நான் சொன்னபடி போடு."

போட்டாள். அவள் என்னை நம்பியது எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும்?

நான்கு வருடம் எழுதினாள். நான்கு முறையும் ஒன்றிரண்டு கணக்கில் இடம் போயிற்று. ஒவ்வொரு முறையும் என் தோளில் சாய்ந்து அழுதாள், நான்தான் தேற்றினேன். வேறு யார் தேற்றினார்கள், நீயா?

இருபத்தோரு வயதுக்கு மேல் அந்தத் தேர்வை எழுத முடியாது. போன வாரம் அவளுக்கு இருபத்திரண்டு ஆனது. மறுநாள் காலையிலேயே உட்காரவைத்துச் சரியான முறையைச் சொல்லிக்கொடுத்தேன். கணக்கு வாத்தியார் மகள் தப்பாகப் போடலாமா?

இரண்டே நிமிடத்தில் பிடித்துக்கொண்டாள். பிறகு பழைய பயிற்சித் தாள்களை எடுத்துப் புரட்டினாள்.

"மொத வருஷமே இந்த மாதிரி நாலு கணக்கு வந்துச்சுப்பா. ரெண்டு சரியா போட்டிருந்தா போயிருப்பேன். இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்" என்றேன். பொய் சொல்லி நான் அவளை வளர்க்கவில்லை.

உப்புத் தின்றவன் தண்ணீர் குடிக்கத்தான் வேண்டும் என்பாய். குடிக்கிறேன், யாரிடம் வேண்டுமானாலும் போய்ச் சொல். அவள் அறைக் கதவைத் தாழிட்டு மூன்று நாளாகிறது. வாசலில் வைத்த தட்டு வைத்தபடியே இருக்கிறது. நீ தட்டினாலும் திறக்க மாட்டாள். நான் நாற்காலியை இங்கேயே போட்டுக்கொண்டேன். உள்ளே அவள் நடப்பது கேட்கிறது. பார், எங்கும் போகவில்லை, என்னோடுதான் இருக்கிறாள்.