பெயர் சொல்ல விரும்பாத எதிர்க்கடைக்காரர்

மனிதர்கள் வாய் திறப்பதற்கு முன்பே அவர்கள் பேச்சை மேற்கோள் குறிக்குள் போட்டு அச்சேற்றியவன் நான். நான் எழுதியதைத்தான் அவர்கள் பிறகு வந்து பேசினார்கள். சிரிக்காதீர்கள். வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கும் கிழட்டு நிருபர் அளந்துவிடுகிறான் என்றுதான் தோன்றும். மந்திரிக்குத் தொண்டை கட்டினால் என் பேனா பேசும். ஊரே ஊமையாகிப் போன நாளிலும் எங்கள் பத்திரிகையில் யாராவது ஒருவர் ஆதங்கத்துடன் தெரிவித்துக்கொண்டிருப்பார்.

நீங்கள் விசாரிக்க வந்தது பஞ்சுக் கிடங்குத் தீயை. காவலாளி உள்ளேயே கருகிப்போனார். பக்கம் முடிக்கும் நேரம். பார்த்தவர் என்று ஒரு ஆள் கிடைக்கவில்லை. முதல் நாள் ஒரு லாரி டிரைவர் கிடங்கு முதலாளியோடு சண்டை போட்டது மட்டும் நிஜம். அது போதாதா? 'டிரைவர் பெட்ரோல் கேனோடு ஓடினதைக் கண்ணால பார்த்தேன்' என்று பெயர் சொல்ல விரும்பாத எதிர்க்கடைக்காரர் ஒருவர் சொன்னதாக எழுதினேன். பெயரை மறைத்துவிட்டால் யாருக்கும் தொந்தரவில்லை என்று நினைத்தேன். கிடங்குக்கு எதிரே இருந்தது ஒரே கடை, ஒரு தையற்கடை. அதை நான் யோசிக்கவில்லை.

செய்தி ஆசிரியர் யோசித்தார். அவரை எல்லோரும் அக்கா என்போம். அவருக்குத் துணி தைப்பவரே அந்தத் தையற்காரர்தான்.

"அந்த மனுஷன் அளவு எடுத்தாக்கூட வாய்விட்டுச் சொல்லமாட்டார். அவரா உன்கிட்ட இவ்வளவு பேசினார்?"

"பயந்து பயந்துதான் சொன்னார்க்கா."

"எனக்கு நம்பிக்கை இல்லப்பா," என்றபடியே பக்கத்தை அச்சுக்கு விட்டார்.

மறுநாளிலிருந்து டிரைவரின் தம்பிகள் தையற்கடை வாசலில் வந்து நின்றார்கள். எதுவும் செய்யவில்லை, சும்மா நின்றார்கள். தைக்கக் கொடுத்தவர்கள் துணியைத் திரும்ப வாங்கிப் போனார்கள். போலீஸும் அவரை விசாரிக்க ஆள் அனுப்பியது. கழுத்தில் அளவுநாடா தொங்க தையற்காரர் என்னைத் தேடி அலுவலகத்துக்கே வந்துவிட்டார். தான் எதையும் பார்க்கவில்லை, என்னோடு பேசியதே இல்லை, மறுப்புப் போடுங்கள் என்றார்.

தண்ணீர் கொடுத்தேன். நிதானமாக எடுத்துச் சொன்னேன். பார்க்கவில்லை என்று சொன்னால் டிரைவரின் தம்பிகள் நம்பப் போவதில்லை. மிரட்டலுக்குப் பயந்து மாற்றிப் பேசுகிறார் என்று போலீஸும் உள்ளே தள்ளும். ஆமாம், பார்த்தேன் என்றால் போலீஸாவது துணைக்கு நிற்கும். மறுப்பு வந்தால் என் வேலை போய்விடும் என்பதை மட்டும் சொல்லவில்லை. அவருக்கு இருக்கிற கவலை போதும் என்று விட்டுவிட்டேன்.

அளவுநாடாவைக் கழுத்திலிருந்து எடுத்துச் சுருட்டினார். பிறகு மெல்லக் கேட்டார்.

"அப்ப நான் என்ன சொன்னேன் தம்பி?"

படித்துக் காட்டினேன். அவர் உதடு அசைந்தது. இன்னொரு தரம் படிக்கச் சொன்னார். படித்தேன்.

டிரைவர் ஆயுள் தண்டனைக்குப் போய்ச் சிறையிலேயே செத்தார். தீ மின்கசிவால் வந்தது என்று இப்போது நீங்கள் சொல்கிறீர்கள். இருக்கலாம். நெருப்பைப் பற்றி நான் ஒன்றும் எழுதவில்லையே. ஒருவர் சொன்னதாகத்தானே எழுதினேன். சொன்னாரா இல்லையா என்று அக்காவைக் கேளுங்கள். தையற்காரர் சாட்சி சொன்ன அன்று, என்மேல் நம்பிக்கையில்லாமல், அக்காவே நீதிமன்றம் போயிருந்தார். திரும்பி வந்து கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"சொன்னார்ப்பா. நீ எழுதினதை ஒரு வார்த்தை பிசகாம சொன்னார்."