முதல் வண்டியும் பார்போராவின் கோவேறு கழுதையும்

விழாவுக்குத் தலைமை தாங்கி வீற்றிருக்கும் ஊர்த்தலைவர் அவர்களே! விடிவதற்குள் அடுப்பேற்றி இந்தத் திடலையே மணக்க வைத்திருக்கும் தாய்மார்களே! சோளக்காட்டை அப்படியே போட்டுவிட்டு வந்திருக்கும் பெரியோர்களே! முன்வரிசையில் கைகட்டி என்னை முறைத்துக்கொண்டிருக்கும் என் பெரியப்பா ஓலாவ் ஹௌக்லாண்ட் அவர்களே! முப்பது வருஷம் உங்களைப் பள்ளிப் பேருந்தில் ஏற்றி இறக்கிய இந்தக் கெர்டாவின் வணக்கம்!

இன்று நம் வில்லோ கிரீக்கின் குடியேற்றத் திருநாள். கடல் கடந்து வந்து இங்கே முதலில் குடியேறிய குடும்பத்துக்குத்தானே ஊர்வலத்தில் முதல் குதிரை வண்டி? நூறாண்டாக அதில் நெஞ்சு நிமிர்த்தி நின்றவர்கள் யார்? ஹௌக்லாண்டுகள்! நாங்கள்! நாங்கள் கிளப்பிய புழுதியைத் தின்றுகொண்டே பின்னால் வந்தவர்கள் யார்? பிரஹாஸ்காக்கள்! சிரிக்காதீர்கள் ஐயா, லுட்மிலா பிரஹாஸ்கா அம்மாள் அதோ உட்கார்ந்திருக்கிறார். அவர் சுட்ட பிளம்பழ ரொட்டிதான் இப்போது உங்கள் வாயில் இருக்கிறது.

ஊர் வரலாற்றை எழுதும் வேலையை என் தலையில் கட்டினார்கள். "எழுது, ஆனா மொதப் பக்கத்துல நம்ம குடும்பத்துல மொதல்ல வந்த க்னூட் தாத்தா இருக்கணும்" என்றார் பெரியப்பா. கல்லறைக் கல்லில் பாசி சுரண்டினேன். தேவாலயப் பதிவேட்டில் தூசி தின்றேன். கடைசியில் நிலப்பதிவுத் தாள் கிடைத்தது. க்னூட் ஹௌக்லாண்ட், 1871 மே. விதவை பார்போரா பிரஹாஸ்கா, ஜூன். "பாத்தியா!" என்று தொடையைத் தட்டினார் பெரியப்பா.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் பிள்ளைகளை இரண்டு தடவை எண்ணாமல் வண்டியை எடுத்தவளா நான்? அரசு கொடுத்த நிலம், பதிந்து ஐந்து வருஷம் உழுத பிறகுதான் சொந்தமாகும். அதற்கும் அக்கம்பக்கத்தார் வந்து சத்தியம் செய்ய வேண்டும். அந்தச் சாட்சித் தாளையும் தேடி எடுத்தேன். க்னூட் தாத்தாவுக்காகச் சத்தியம் செய்தது யார் தெரியுமா? பார்போரா! இவர் எப்போது வந்தார் என்று அதிகாரி கேட்கிறார். அவள் சொல்கிறாள், கேளுங்கள்:

"ஏப்ரல்ல வந்தாருங்க. நான் அதுக்கு முந்தின குளிருக்கே வந்துட்டேன், பனியும் சேறும் விட்டதும் பதியலாம்னு இருந்தேன். சேத்துல மாட்டிக்கிட்டு நின்னவரை நான்தான் இழுத்துவிட்டேன். ஒரு மாசம் என் மண்வீட்டுலதான் படுத்துக் கெடந்தார். நிலத்தைப் பதியப் போக மூணு நாள் வழி, ஏறிப்போக அவருக்கு ஒண்ணுமில்லை. இருந்த ஒரே கோவேறு கழுதையைக் குடுத்தேன். அவர் திரும்பி வந்த பெறகுதான் நான் போக முடிஞ்சுது."

கேட்டீர்களா? ஏட்டிலே முதலில் ஏறியவர் என் தாத்தா. எதன் முதுகில் ஏறி? பிரஹாஸ்கா வீட்டுக் கழுதையின் முதுகில்! இழுத்தவள் அவள், இடம் கொடுத்தவள் அவள், இரவல் கொடுத்தவளும் அவள். முதல் வண்டி மட்டும் எங்களுடையதா?

பெரியப்பாவிடம் சொன்னேன். நாற்பது வருஷமாக முதல் வண்டியின் கடிவாளம் பிடித்தவர், தாளை என் பக்கமே தள்ளிவிட்டார். "நீ ஹௌக்லாண்டா, பிரஹாஸ்காவா?" என்றார். "ஹௌக்லாண்ட்தான் பெரியப்பா. அதான் இரவல் வாங்கின கழுதையைத் திருப்பிக் குடுத்துரலாம்னு பாக்குறேன்" என்றேன். பதினோரு நாள் என்னோடு பேசவில்லை. தாய் தகப்பன் இல்லாத என்னை வளர்த்தவர் அவர். அழுதேன் ஐயா, வெட்கமில்லாமல் சொல்கிறேன், அழுதேன். ஆனாலும் தாளில் இருப்பதை மறைக்க மனசு வரவில்லை.

ஆகவே இந்தச் சபையறியச் சொல்கிறேன்: இன்று முதல் வண்டி பிரஹாஸ்காக்களுக்கு!

என்ன லுட்மிலா அம்மா? சத்தமாகச் சொல்லுங்கள். "அடியே கெர்டா, எனக்குக் கண்ணே சரியாத் தெரியல, யாருடி ஓட்டுறது?" என்கிறார். அதுவும் நியாயம்தான். யார் ஓட்டுவது?

பெரியப்பா... எழுந்துவிட்டீர்களா? தொப்பியைக் கழற்றுகிறாரே! கோபித்துக்கொண்டு போகிறாரா? இல்லையே, வண்டிப் பக்கம் அல்லவா போகிறார்! என்ன சொல்கிறார்? அமைதி, அமைதி! "நான் ஓட்டுறேன். எங்க தாத்தா தனியா ஏறிப்போனாரு. நான் கழுதை குடுத்த வீட்டு அம்மாவை ஏத்திக்கிட்டுப் போறேன்."

ஐயோ, என் பேச்சில் மீதி நாலு பக்கம் இருக்கிறதே! போகட்டும், மடித்து வைத்துவிடுகிறேன். பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கு நன்றி. கழுதை கொடுத்த பார்போராவுக்கு நூற்றைம்பது வருஷம் தாமதமான நன்றி. பெரியப்பா, அந்த அம்மாவுக்குக் கை கொடுத்து ஏற்றுங்கள். வணக்கம்!