வெளிப்பக்கத்துப் பாட்டு

என் வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டு, என் விருந்தாளிங்க முன்னாடியே, கதவைச் சாத்து, முதல்லேருந்து ஆரம்பின்னு எனக்கே உத்தரவு போடறாங்க உங்கம்மா. இதானே என் பையன் ரொஹேலியோகிட்ட சொன்னே? மாடிப்படி வரைக்கும் கேட்டுச்சு மெரடித். ஒரு வார்த்தை விடாம சொல்லிட்டேன் பாரு. கன்னியாஸ்திரிங்ககிட்ட படிச்சவ நான். மனப்பாடம் பண்ண வச்சே வளத்தாங்க.

நீ சொன்னது பொய்னு சொல்லல. உத்தரவுங்கறது மட்டும் கொஞ்சம் பெரிய வார்த்தை.

இல்லம்மா, நீ எழுந்திரிக்க வேண்டாம். உன் பெட்ரூம், உன் கதவு, நீ உள்ளேயே இரு. ஒரு தடவை தட்டிட்டேன், கேட்டிருக்கும். நான் இங்க தரையில உக்காந்துக்கறேன். முழங்கால் மடங்க மாட்டேங்குது. ம், உக்காந்துட்டேன். இனி யாராவது தூக்கிவிட்டாத்தான் உண்டு.

உனக்கு ஒரு தட்டு கொண்டு வந்திருக்கேன். தமாலேதான். நான் செஞ்சது இல்ல, பயப்படாதே, நீ கடையில வாங்கினது. நான் மூணு நாளா மாவு பிசைஞ்சு, சோள மட்டையில சுத்தி, அவிச்சுக் கொண்டு வந்த பன்னெண்டு டஜனும் கராஜ் பிரிட்ஜுல பத்திரமா இருக்கு. பார்த்தேன். பீர் பாட்டிலுக்குக் கீழ.

என்ன? ஆமா, மட்டையை உரிச்சுத்தான் வச்சிருக்கேன். உங்க பல் டாக்டர் ட்ரெவர் மட்டையோட சேத்து மூணு தின்னாரு. நல்ல நார்ச்சத்துன்னாரு. நான் ஒண்ணும் சொல்லல. ஆசையா சாப்பிடறவங்களை நடுவுல தடுக்கக் கூடாது.

உன் அலங்காரத்தைப் பத்தியும் நான் வாயே தொறக்கல. அதை நீ ஒத்துக்கணும். குடிலுக்கு மேல மண்டையோட்டுத் தோரணம் கட்டியிருக்கே. அது நவம்பர்ல, செத்தவங்களுக்குக் கட்டறது. சரி, பொறப்பையும் சாவையும் ஒரே செலவுல முடிச்சிட்டான்னு நினைச்சுக்கிட்டேன். தொட்டில்ல குழந்தை யேசுவை வேற படுக்க வச்சிருந்தே. அவர் இருபத்தி நாலாந்தேதிதான் பொறக்கறாரு. இன்னிக்கு இருபது. அவரை எடுத்து என் கைப்பைக்குள்ள போட்டிருக்கேன். காணோம்னு தேடாதே.

அழைப்பிதழ் கூட எனக்கு வந்துச்சு. மெக்சிகன் கிறிஸ்மஸ் பார்ட்டி, மெக்சிகன் உடையில் வரவும்னு கீழ ஒரு வரி. ஐம்பத்தி நாலு வருஷமா மெக்சிகோக்காரியாத்தான் இருக்கேன். அதனால போட்டிருந்த ஸ்வெட்டரோடவே வந்துட்டேன். வாசல்ல ஒட்டு மீசை குடுத்தாங்க. என் மாமியாருக்கு இருந்த மீசைக்கு அதெல்லாம் உறை போடக் காணாது. ஆனா வாங்கிக்கிட்டேன். ஸ்வெட்டர் பாக்கெட்ல இருக்கு.

சிரிச்சியா? இல்லையா. மூக்கு சிந்தினியா. சரி.

நான் வாயைத் தொறந்தது ஒரே ஒரு இடத்துல. அந்தப் பாட்டுல. போசாதாச் சடங்குன்னா பாதிப் பேர் தெருவுல நிக்கணும், பாதிப் பேர் வீட்டுக்குள்ள. வெளிய நிக்கறவங்க மேரியும் ஜோசப்பும். ராத்தங்க இடம் குடுங்கன்னு பாடணும். உள்ள இருக்கறவங்க முடியாது, நடையைக் கட்டு, இல்லன்னா கட்டையால அடிப்பேன்னு பாடணும். ரெண்டு தட்டுக்கு விரட்டணும். மூணாவது தட்டுக்குத்தான், ஐயோ நீங்களான்னு தொறக்கணும். நீ அச்சடிச்ச தாள்ல விரட்டறதே இல்ல. ஏம்மான்னா, அழைச்சுட்டு மூஞ்சிக்கு நேரா போங்கன்னு பாடினா நல்லாவா இருக்கும்னே. முதல் தட்டுக்கே படார்னு தொறந்து, வாங்க வாங்க, வெளிய குளிருதுன்னே. குளிரவே இல்ல. சான் அன்டோனியோவுல என்னிக்குக் குளிர்ந்துச்சு? பாட்டு ரெண்டாவது வரியைத் தாண்டல, நாப்பது பேரும் மெழுகுவத்தியோட உள்ள. சும்மா வேடிக்கை பாக்க நின்ன தபால்காரரு கூட உள்ள வந்து தட்டு எடுத்துக்கிட்டாரு.

கடைசியா நின்னவ நான். எல்லாரும் வெளிய வாங்க, மெரடித் நீ கதவைச் சாத்து, முதல்லேருந்துன்னேன்.

நீயும் சாத்தினே. உள்ள நீ ஒருத்திதான். நாங்க பாடினோம். உன் பக்கத்துலேருந்து சத்தமே இல்ல. உன் தாள்ல அந்த வரி இல்லையே, எங்கேருந்து வரும். அதை நான் யோசிக்கல. கதவுக்கு வெளியேருந்து கத்தினேன். போங்கடான்னு பாடும்மா, பத்து வருஷமா இந்தக் குடும்பத்துல இருக்கே, இது கூடவா தெரியலன்னேன். எல்லாரும் சிரிச்சுட்டாங்க. ட்ரெவருக்கு மீசையே கழண்டு விழுந்துச்சு. மூணாவது தட்டுக்கு நீ தொறக்கல. ரொஹேலியோ பின்வாசல் வழியா போய்த் தொறந்தான்.

பத்து வருஷம் இல்ல. எட்டுதான். சொன்ன கணக்கும் தப்பு, சொன்னதும் தப்பு.

இல்ல, ரொஹேலியோ சொல்லி அனுப்பல. அவன் கீழ எல்லாருக்கும் ஐஸ் அரைச்சு ஊத்திக்கிட்டு இருக்கான். அவனுக்கு சங்கடம் வந்தா ஐஸ் அரைப்பான். அவங்கப்பாவும் அப்படித்தான், புல்லு வெட்டப் போயிடுவாரு.

இப்பத் தட்டினதும் நான்தான். வேற யாரும் இல்ல. ரெண்டாச்சு.

கீழ காகிதக் கழுதை இன்னும் தொங்குது. உள்ள இருக்கற மிட்டாய்க்காக எல்லாப் பசங்களும் சுத்திச் சுத்தி வருதுங்க. அம்மா வராம யாரும் உடைக்கக் கூடாதுன்னு உம் பொண்ணு இனெஸ் கட்டையைப் புடிச்சுக்கிட்டுக் காவல் நிக்கறா. ஆறு வயசு. கிட்ட வந்தா முறைக்கிறா பாரு, அப்படியே நான்தான். பாவம்.

என்னையும் அந்த வயசுலதான் சிஸ்டர் பெர்பெத்துவா உள்பக்கம் நிறுத்தினாங்க. உன் குரல் ஆளை விரட்டறதுக்குன்னே கடவுள் குடுத்ததுன்னாங்க. எனக்கு அப்போ பெருமையா இருந்துச்சு. அன்னிலேருந்து எந்த வீட்டுப் போசாதான்னாலும் என்னைத்தான் உள்ள நிறுத்துவாங்க. எங்க தெருவுல என் அளவுக்கு விரட்ட ஆள் கிடையாது. இன்னிக்குத்தான் முதல் தடவையா வெளிய நின்னேன். வெளிப்பக்கத்துப் பாட்டு எனக்கு முழுசா வராது. மனப்பாடக்காரி, தாளைப் பாத்துப் பாடினேன். நீ கவனிச்சிருக்க மாட்டே.

ஏன் உள்ள நிக்கலன்னா கேக்கறே? அதான் சொல்ல வர்றேன்.

நான் வந்ததுமே ரொஹேலியோ கேட்டான், ஏம்மா காரைத் தெருக்கோடியில நிறுத்தியிருக்கேன்னு. இங்க இடம் இல்லடான்னேன். நிறைய இடம் இருந்துச்சு. பின்சீட்ல மெத்தை இருக்கு. துணி, பாத்திரம், அவங்கப்பா போட்டோ, இஸ்திரிப் பெட்டி. உங்க வீட்லதானே எப்பவும் குடில் வைப்பீங்க, இந்த வருஷம் ஏன் மொத்தமா இங்க தூக்கிட்டு வந்தீங்கன்னு நீ கேட்டே. வேற எங்க வைக்கறது? வாடகை வீட்டு ஓனர் செத்ததும் அவர் பசங்க வீட்டை வித்துட்டாங்க. போன வியாழக்கிழமை சாவியைக் குடுத்துட்டேன். சிநேகிதி சேலோ வீட்டு சோபாவுலதான் படுக்கை. அந்தப் பன்னெண்டு டஜனும் அவ அடுப்புல செஞ்சது. திங்கட்கிழமை அவ பிள்ளைங்க வருதுங்க, சோபா வேணும்.

அவனுக்குத் தெரியாது. சொல்லிடாதே. அவன்கிட்ட கேட்டா, கேக்கறதுக்கு முன்னாடியே சரின்னுடுவான், அப்புறம் போய் ஐஸ் அரைப்பான். கதவைத் தொறக்க வேண்டியவ நீ.

நீ முதல் தட்டுக்கே தொறந்தே பாரு, தபால்காரரையெல்லாம் கையைப் புடிச்சு உள்ள கூப்பிட்டே. நான் பின்னாடி மெழுகுவத்தியோட நின்னுக்கிட்டு, அட, இவ்வளவு சுலபமா, கேட்டுடலாம் போலிருக்கேன்னு நினைச்சேன். பயமாப் போச்சு. அதான் சாத்தச் சொல்லிட்டேன்.

பின்னாடி ரூம்ல நீ துணி காயப்போடற அந்த உடற்பயிற்சி சைக்கிள் அங்கேயே இருக்கட்டும். எனக்கு இடைஞ்சல் இல்ல. தோரணத்தைப் பத்தி வாயைத் தொறக்க மாட்டேன். இன்னிக்குத் தொறந்தது கணக்குல இல்ல. விரட்டணும்னா விரட்டிக்கோ, அது பாட்டுலயே இருக்கறதுதான், ரெண்டு தடவை விரட்டலாம். என்ன வரின்னு வேணா நானே சொல்லித் தர்றேன்.

இது மூணாவது தட்டு மகளே.

மெரடித்? தட்டு ஆறிப்போகுது. கொஞ்சம் கதவைத் தொறம்மா.