திரைக்கு அந்தப் பக்கம்

—இன்னொரு தடவ மேசைக்கு அடியில பூந்தீங்க, நான் புள்ள லுபூட்டோவ தூக்கிக்கிட்டு எங்க அண்ணன் வீட்டுக்கே போயிடுவேன். சொல்லிட்டேன்.

—மெதுவாப் பேசு புபே. திரைக்கு அந்தப் பக்கம் உங்கம்மாவுக்குக் கேக்கும்.

—கேக்கட்டுமே! அவங்களுக்குத் தெரியாததா? அன்னிக்கு எங்க அண்ணன் அவங்கள முதுகுல சுமந்துக்கிட்டு வாசல்ல நுழையறான். நீங்க பாட்டுக்கு கம்ப்யூட்டர் முன்னால உக்காந்து பரீட்சை எழுதிட்டு இருக்கீங்க. திரும்பிப் பாத்தா நாற்காலி காலி!

—வேற என்ன பண்ணச் சொல்ற? வாசல்ல மாமியார். ஜன்னல்ல கம்பி. எங்க ஓடுறது நான்? ஊர்ல பாதையில அவங்க எதிர்ல வந்தாலே புதருக்குள்ள இறங்கி நிக்கிறவன். கேமரா இருக்குங்கறதே அந்த நேரம் மறந்துபோச்சு.

—காலேஜ்காரங்களுக்கு மறக்கலையே.

—மேசைக்கடியில காகிதம் ஒளிச்சு வச்சிருக்கேன்னு எழுதிட்டாங்க. நானும் விளக்கம் எழுதினேன். மாமியார் வந்துட்டாங்க, அவங்க முகத்தப் பாக்கக் கூடாது, அதனாலதான் ஒளிஞ்சேன்னு.

—அதுக்கு?

—'உங்க ரெண்டு பேருக்கும் என்ன சண்டை'ன்னு கேட்டு பதில் வந்துச்சு.

—சண்டையா! அம்மாடி, மாயோ!

—காலேஜ் இருக்கிற அந்த நாட்டுல கடன்காரனுக்குத்தான் ஒளிவாங்க போலிருக்கு. மரியாதைக்காக ஒளியறதுன்னு ஒண்ணு இருக்குன்னு அவங்களுக்கு எப்படிப் புரிய வைக்க? ஏதோ கெஞ்சிக் கூத்தாடினதுல, வாயால கேள்வி கேக்குறோம், இதுதான் கடைசின்னு இன்னிக்கு வரச் சொல்லியிருக்காங்க. க்கும்... க்கும்...

—இது எந்த இருமல்?

—என்னது?

—உள்ள வர்றேன், அம்மா மறைஞ்சுக்கட்டும்னு இருமுவீங்களே, அதா? இல்ல நெஞ்சு இருமலா? இப்பல்லாம் எனக்கே பிரிச்சுச் சொல்ல முடியல லுபூட்டோ அப்பா. பயமா இருக்கு.

—பாரு, பரீட்சை நேரத்துல அந்தப் பேச்ச எடுக்காத.

—டாக்டர் என்ன சொன்னாருன்னு இன்னொரு தடவ சொல்லுங்க. அப்பதான் நாற்காலிய விட்டு எந்திரிக்க மாட்டீங்க.

—சுரங்கத் தூசி நெஞ்சுல படிஞ்சு போச்சு, இனிமே கீழ இறங்கினா ரொம்ப நாள் தாங்காதுன்னாரு. போதுமா?

—மேல கம்ப்யூட்டர் அறையில போடுறேன்னாங்களே, அந்த வேலை?

—இந்தப் படிப்பு தேறினாத்தான். தேறலன்னா திங்கக்கிழமை பழையபடி சுரங்கக் கூண்டுல ஏறி கீழதான்.

—நீங்க கீழ போகக் கூடாது. நான் விட மாட்டேன்.

—நீ விடாட்டி சோறு யாரு போடுவா?

—புபே! ஏ புபே!

—என்னம்மா?

—அவருகிட்ட கேளு, காலையில வயித்துக்கு ஏதாவது போட்டாரான்னு.

—லுபூட்டோ அப்பா, அம்மா கேக்குறாங்க, சாப்பிட்டீங்களான்னு.

—மாமரத்தடியில உக்காந்து கஞ்சி குடிச்சேன்னு சொல்லு.

—கஞ்சி குடிச்சாராம்மா.

—கஞ்சி எந்த மூலைக்கு? படிக்கிற மனுசன். ஒரு உருண்டை மக்காச்சோள ந்ஷிமா கிண்டிப் போட உனக்குக் கை வலிக்குதா?

—அம்மா சொல்றாங்க...

—கேட்டுச்சு, கேட்டுச்சு.

—கேட்டுச்சுல்ல? அப்புறம் நான் எதுக்கு நடுவுல?

—நீ சொன்னாத்தான் எனக்குக் கேட்ட மாதிரி. முறைன்னு ஒண்ணு இருக்குல்ல. பசிக்கல, பரீட்சை முடிஞ்சதும் சாப்பிடுறேன்னு சொல்லு.

—முடிஞ்சதும் சாப்பிடுவாராம். சரி, புத்தகத்த மூடுங்க. நான் கேக்குறேன். கிளாஸ்னா என்ன?

—செங்கல் அறுக்கிற அச்சு.

—அப்ப ஆப்ஜெக்ட்?

—அந்த அச்சுல அறுத்து எடுக்கிற ஒவ்வொரு செங்கலும். என் புரோகிராம்ல தொழிலாளின்னு ஒரு கிளாஸ். நான் ஒரு ஆப்ஜெக்ட். என்கூட வேலை பாக்குற ங்கோசா ஒரு ஆப்ஜெக்ட். ஒவ்வொருத்தனுக்கும் ஒரு பேரு, நம்பர் போட்ட ஒரு வில்லை, கீழ இருக்கானா மேல இருக்கானாங்கற கணக்கு.

—இவ்வளவு நல்லாச் சொல்றீங்களே! என்காப்சுலேஷன்?

—அது... பாரு, இதுலதான் நாக்கு சுருண்டுக்குது. புத்தகத்துல இருக்கிறது வாய்க்கு வர மாட்டேங்குது.

—புத்தகம் கிடக்கட்டும். உங்க வாயால சொல்லுங்க.

—ஆப்ஜெக்டுக்குள்ள இருக்கிறத வெளியில இருக்கிறவன் நேரா தொடக்கூடாது. அதுக்குன்னு ஒரு வழி வச்சிருக்கும். அந்த வழியாத்தான் கேக்கணும். அது குடுக்கிறத வாங்கிக்கணும்.

—அட! இத்தன வருசமா நான் அந்த வேலையத்தான் பாத்துட்டு இருக்கேனா! அம்மா உள்ள, நீங்க வெளிய, நடுவுல நான். சம்பளங்கூடக் கிடையாது!

—ஏ புள்ள, சிரிக்காத. இனிமே செத்தாலும் மறக்காது எனக்கு.

—புபே, என்னடி சிரிப்பு அங்க?

—ஒண்ணுமில்லம்மா. உங்க மருமகனுக்குப் பாடம் புரிஞ்சிருச்சு.

—ஆமா புபே, முறை செஞ்சு என்னை உள்ள கூப்பிட உங்க பெரிய மாமா இன்னும் நாள் குறிக்கலையா?

—எங்க! நாங்க பொம்பளைங்க சமைச்சு, சட்டி சட்டியாத் தலையில தூக்கிட்டு வந்து, உங்கள உக்கார வச்சு, 'இனிமே நீங்க நம்ம வீட்டுப் புள்ள, தாராளமா உள்ள வாங்க'ன்னு கூப்பிடணும். அப்புறந்தான் நீங்க அம்மாவப் பாக்கலாம், பேசலாம். கேட்டா மாமா என்ன சொல்றாரு தெரியுமா? 'மாப்பிள்ளைக்கு உடம்பும் வேலையும் தேறட்டும், அப்புறம் பாக்கலாம்'ங்கறாரு.

—அதுவும் நியாயந்தான். உங்கம்மாவ பக்கத்து வீட்டுல படுக்க வைக்க முடியாதா? இன்னிக்கு மட்டும்.

—இடுப்பெலும்பு விட்டுப் போனவங்கள எப்படி அசைக்கிறது? திருப்பிப் படுக்க வச்சாலே உயிர் போற மாதிரி கத்துறாங்க.

—புபே, அவருகிட்ட சொல்லு. நான் மூச்சு விடுற சத்தங்கூட கேக்காது. துணிய வாயில வச்சுக்கிட்டுப் படுத்திருக்கேன். அன்னிக்கு என்னாலதான் அந்த மனுசனுக்குத் திருட்டுப் பட்டம் வந்துச்சு. எனக்கு இடுப்பு வலி பெரிசில்ல, அந்த வலிதான் தாங்கல.

—லுபூட்டோ அப்பா, அம்மா...

—வேண்டாம்னு சொல்லு. வாயில துணியெல்லாம் வேண்டாம். அவங்க மேல ஒரு தப்பும் இல்லன்னு சொல்லு.

—ஐயோ, கம்ப்யூட்டர்ல மணி அடிக்குதே! நான் லுபூட்டோவக் கூட்டிக்கிட்டுத் தண்ணிக் குழாய்கிட்ட நிக்கிறேன். என்ன ஆனாலும் நாற்காலிய விட்டு எந்திரிக்காதீங்க. கூரை விழுந்தாலும்!

—கதவ சாத்திட்டுப் போ.

—வணக்கம், மிஸ்டர் கசொண்டே. நான் மிசஸ் பீட்டர்சன். உங்கள் தேர்வாளர். நான் பேசுவது கேட்கிறதா?

—நல்லாக் கேக்குது மேடம்.

—அறையில் வேறு யாராவது இருக்கிறார்களா?

—இந்த அறையில யாரும் இல்ல மேடம்.

—சரி. போன முறை நடந்தது எனக்குத் தெரியும். அதைப் பற்றி இப்போது பேச வேண்டாம். உங்கள் புரோகிராமைப் படித்தேன். சுரங்கத்துக்குள் இறங்கும் ஆட்களைக் கணக்கு வைக்கிறது. இதில் என்காப்சுலேஷன் எங்கே இருக்கிறது?

—வில்லையில இருக்கு மேடம். ஒருத்தன் கீழ இருக்கானா மேல வந்துட்டானாங்கறத வேற யாரும் நேரா மாத்த முடியாது. அவன் கூண்டுல ஏறி வெளிய வந்து, கணக்கு ஜன்னல்ல வில்லையக் குடுத்தாத்தான் மாறும். வேற யாராச்சும் மாத்திட்டா, கீழ ஒருத்தன் கிடக்கும்போதே எல்லாரும் வந்தாச்சுன்னு வெடி வச்சிருவாங்க.

—நல்ல பதில். நீங்களே யோசித்ததா?

—நானே பாத்தது மேடம். ஒரு தடவ அப்படி ஆயிருக்கு.

—ம்... சரி, மேலே போகலாம். பாலிமார்ஃபிஸம். இதைச் சொல்லிவிட்டால் அநேகமாக முடிந்தது.

—'வேலைய ஆரம்பி'ன்னு ஒரே உத்தரவுதான் மேடம், எல்லாருக்கும். வெடிக்காரன் கேட்டா துளை போடுவான். மின்சாரக்காரன் கேட்டா கம்பியத் தொட்டுப் பாப்பான். கூண்டு ஓட்டுறவன் கேட்டா...

—ஸ்ஸ்... ஆ... மாயோ!

—யார் அது?

—மேடம்...

—மிஸ்டர் கசொண்டே, யார் அது? உங்களுக்குப் பின்னால் ஒரு திரை இருக்கிறது. அங்கிருந்துதான் சத்தம் வந்தது.

—அது வேற அறை மேடம். என் மாமியார் படுத்திருக்காங்க. இடுப்பெலும்பு உடைஞ்சிருக்கு. வலியில முனகிட்டாங்க.

—மறுபடியும் மாமியாரா?

—சத்தியமா மேடம். அவங்களுக்கு எழுதப் படிக்கவும் தெரியாது, கம்ப்யூட்டரும் தெரியாது.

—நான் உங்களை நம்ப விரும்புகிறேன். ஆனால் இது எல்லாம் பதிவாகிறது, எனக்கு மேலே இருப்பவர்களும் பார்ப்பார்கள். கம்ப்யூட்டரைக் கையில் எடுங்கள். திரையைத் தூக்கி அந்த அறையைக் காட்டுங்கள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை என்று தெரிந்தால் மேலே போகலாம்.

—என் சம்சாரத்தக் கூப்பிடுறேன் மேடம். அவ காட்டுவா.

—கூடாது. தேர்வு நடக்கும்போது வேறு யாரும் உள்ளே வரக் கூடாது. நீங்கள்தான் காட்ட வேண்டும்.

—என்னால முடியாது.

—ஏன்?

—அவங்க என் மாமியார். முறை செஞ்சு என்னை இன்னும் உள்ள கூப்பிடல. அவங்க முகத்த நான் பாத்ததில்ல. ஒரு வார்த்த பேசினதில்ல.

—ஒரே வீட்டில் இருந்துகொண்டா? அப்படியென்றால் கண்ணை மூடிக்கொண்டு திரையைத் தூக்குங்கள்.

—கண்ண மூடினாலும் கை என்னோடதுதானே மேடம்? அவங்க எந்திரிக்க முடியாமக் கிடக்கிறாங்க. போர்வை எப்படிக் கிடக்கோ, என்னமோ. அப்படிக் கிடக்கிறவங்கள நான் ஊருக்குக் காட்டுறதா?

—அவரிடமே ஒரு வார்த்தை கேளுங்களேன்.

—கேக்கவும் கூடாது. க்கும்... க்கும்... மன்னிக்கணும், தூசி.

—மிஸ்டர் கசொண்டே, நீங்கள் நன்றாகவே பதில் சொன்னீர்கள். எனக்கு வருத்தமாக இருக்கிறது. திரையைத் தூக்காவிட்டால் நான் இதை நிறுத்தித்தான் ஆக வேண்டும். இதற்குப் பிறகு வாய்ப்பு கிடையாது. உங்கள் மனுவில் மருத்துவர் சொன்னதை எழுதியிருந்தீர்கள். சுரங்கத்துக்குத் திரும்பினால் என்ன ஆகும் என்று யோசித்தீர்களா?

—தெனமும் அதத்தான் மேடம் யோசிக்கிறேன். எனக்கு அஞ்சு வயசுல ஒரு மகன் இருக்கான்.

—பிறகு?

—எழுதிக்கோங்க மேடம். கசொண்டே திரையத் தூக்கலன்னு எழுதிக்கோங்க. தேறலன்னே போடுங்க. திங்கக்கிழமை நான் கீழ இறங்கிக்கிறேன்.

—உறுதியாகத்தான் சொல்கிறீர்களா?

—ஆமா மேடம்.

—சரி. பதிவை நிறுத்தப் போகிறேன்.

—கசொண்டே! என் மகனே! தலையில துணி கட்டிக்கிட்டேன், போர்வையும் சரியா இருக்கு. திரையத் தூக்குப்பா. அந்தம்மா பாக்கட்டும், நீயும் என்னைப் பாரு.