முதலெழுத்து

நெடுந்தீவுப் படகில் எனக்கு முன்னால் நரைத்த இருவர். ஒருவர் தன் மகளின் கலியாண அழைப்பிதழை எழுதிக்கொண்டிருந்தார்.

"இயக்கங்கள் தங்களுக்குள்ள அடிபட்ட நேரம் உம்மைச் சுடத் தேடித் திரிஞ்சனான். ஆனா உம்மட சொந்தப் பேர் இண்டைவரைக்கும் தெரியாது, சம்பந்தி."

"உங்கட ஆக்களுக்கு நான் வீமன்தானே."

"அழைப்பிதழில வீமன் எண்டு அச்சடிக்க ஏலாது. மாப்பிள்ளையின்ர பேருக்கு முன்னால 'கு' எண்டு கிடக்கு. அதென்ன?"

மற்றவர் கடலைப் பார்த்தபடி சொன்னார்.

"குழந்தைவேல்."

"குழந்தையோ!" எழுதியவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "அப்பவே சொல்லியிருந்தா நான் வீட்டில படுத்திருப்பனே!"

"நீர் எங்க கேட்டனீர்? கண்டவுடன வெடியெல்லோ வைச்சனீர்."

"நல்லகாலம் படேல்லை. பட்டிருந்தா என்ர மகள் ஆரைக் கட்டுறது?"