ஏழாவது கோடு

ஹலோ… ஹலோ… ஆங், நாயிஃபா? சொல்லுப்பா. கேக்குது, கேக்குது. ஹம்தாதான் பேசுறேன், உன் அக்கா போனை வேற யாரு எடுப்பா… இருக்கேன், அல்ஹம்துலில்லாஹ். கடையிலதான் நிக்கிறேன். பாசிமாலைய எடுத்து மாட்டுறேன், தூசி தட்டுறேன், மறுபடி மாட்டுறேன். ஒரு ஆளு வரல. இந்த வெயில்ல பெட்ராவுக்கு யாரு வருவா? கழுதகூட நெழல விட்டு அசைய மாட்டேங்குது…

என்னது? டிக்கெட் எடுத்தாச்சா? எப்போ?… ஜூலையா! ஏன்டா, பாறை எப்படிக் காயும்னு மறந்துபோச்சா உனக்கு? ஜெர்மனிக்குப் போயி மூளையும் குளுந்துபோச்சா?… ம்… ம்… பள்ளிக்கூட லீவு அப்பத்தான். சரி. ஆமா, ஆமா. வாங்க, வேணாம்னா சொன்னேன்.

எத்தன நாளு?… ஆறா. உன் பொண்டாட்டி காத்ரின் கறி தொட மாட்டாள்ல?… இப்ப தயிரும் கிடையாதா? அப்ப அந்தப் பொண்ணு என்னதான் திங்கும்?… சரி, சரி, கோச்சுக்காத. கத்தரிக்கா போட்டு மக்லூபா சோறு பண்ணிடறேன். படுக்கிறதுக்கு மாடியில பாய்…

என்ன?… குகையிலயா? எந்தக் குகையில?

…நம்ம குகையிலயா.

டேய், அங்கெல்லாம் இப்ப தங்க விடமாட்டாங்க. சாயங்காலம் ஆனா காவக்காரங்க வந்து எல்லாரையும் வெளிய அனுப்பிடறாங்க… மாமா மவன் காவக்காரனா இருந்தா என்ன? அவன்தான் மொத ஆளா அனுப்புவான். வேலை போயிடும்ல அவனுக்கு. பகல்ல போயி பாத்துட்டு வரலாம். உள்ள ஆட்டுப் புழுக்கை முழங்கால் வரைக்கும் கெடக்கு… யாரு வாருவா? நான்தான் வாரணும். உன் மச்சானா வாருவாரு? அவரு இடுப்பப் புடிச்சிக்கிட்டு உக்காந்து நாலு மாசமாச்சு… ஆமா. ஆமா. வாரி வைக்கிறேன்.

என்ன எழுதியிருக்கா?… யாரு, ஸல்மாவா? பள்ளிக்கூட நோட்டுலயா?… "எங்க வாப்பா மலைக்குகையில பொறந்தவரு." ம்… போட்டோ ஒட்டணுமாமா. எதோட போட்டோ?

…உம்மா கீறுன கோடா.

இல்ல, இல்ல, லைன்லதான் இருக்கேன்.

அது… அதெல்லாம் கரி புடிச்சிப் போயிருக்கும்டா. பொறந்த புள்ளைக்கு ஒண்ணுன்னு அவ குகைச் செவுத்துல கத்தியால கீறி எத்தன வருசமாச்சு… ஏழு கோடுன்னு சொல்லிட்டியா அவகிட்ட? நீ என்னைக்காவது எண்ணிப் பாத்தியா?… வைக்கோல் கட்டு மறைச்சிருந்துச்சு, ஆமா. எப்பப் போனாலும் மறைச்சிருந்துச்சு. அத அங்க அடுக்கி வச்சது யாருன்னு நெனச்ச? உம்மாதான். வேணும்னேதான்.

நாயிஃப், எங்க இருக்க? நிக்கிறியா? உக்காரு… உக்காருன்னா உக்காரேன்டா.

அங்க ஆறு கோடுதான் இருக்கு.

…எண்ணியிருக்கேன். நாலாவது கோடு நானு, எனக்குத் தெரியாதா? நீ குகையில பொறக்கல… பொய் சொல்லி எனக்கு என்ன ஆவப்போவுது? அப்ப எனக்கு ஒம்பது வயசு. சுடுதண்ணிப் பானைய நான்தான் தூக்கிட்டு ஓடுனேன். அரசாங்கம் நம்மளக் குகையிலேருந்து கெளப்பி இந்த மேட்டு ஊருல கொண்டாந்து விட்டு மூணு வாரம்கூட ஆகல. சிமெண்டு வீடு. வலி எடுத்ததும் உம்மா கத்துறா, "என்னக் கீழ கொண்டு போங்க, என் குகைக்குக் கொண்டு போங்க"ன்னு. வாப்பா கழுதைக்குச் சேணம் கட்டி முடிக்கல, அதுக்குள்ள நீ வந்துட்ட. அப்பவும் அவசரம்தான் உனக்கு…

ஏன் சொல்லலைன்னா… நீ சின்னப் புள்ளையா இருந்தப்ப அண்ணனுங்க உன்ன, "சிமெண்டுல பொறந்தவன், நீ நம்ம ஆளே இல்ல"ன்னு சொல்லிச் சொல்லி அழ வச்சானுங்க. உம்மா செருப்பக் கழட்டி ரெண்டு பேரையும் வாங்கு வாங்குன்னு வாங்கிட்டா. அன்னைலேருந்து நீ குகையில பொறந்தவன். யாரும் வாயத் தொறக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா. அவ மவுத்தாகியும் அத நான்தான் சுமக்கிறேன். எனக்கு அலுத்துப்போச்சுடா தம்பி…

என்ன? நானா? ஏழாவதா ஒண்ண இப்ப நான் போயி கீறி வைக்கணுமா? பாறையில கை வச்சா மாமா மவனே என்னைப் புடிச்சுக் குடுத்துருவான். அந்தப் புள்ள அவ்ளோ தூரத்துலேருந்து வந்து, பொய்யாக் கீறுன கோட்டையா போட்டோ புடிக்கணும்?… கத்தாத. கத்தாதடா, எனக்குத் தலைவலிக்குது…

என்ன சொன்ன?… இன்னொரு தடவ அப்படிச் சொன்ன, உம்மா செருப்ப நான் கையில எடுப்பேன். நீ நம்ம ஆளு இல்லாம வேற யாரு ஆளு?

கேளு. குகையில இல்லைன்னுதான சொன்னேன். கோடே இல்லைன்னா சொன்னேன்?

…நீ பொறந்த அன்னைக்கே கீறிட்டா. எந்திரிக்க வேணாம்னு பொம்பளைங்க எல்லாம் புடிச்சு இழுக்குறாங்க, செவுத்தப் புடிச்சுக்கிட்டே எந்திரிச்சா. அதே கத்தி. நம்ம பாறைன்னா மணலா உதிரும், சிமெண்டு விட்டுக் குடுக்குமா? கத்தி முனை ஒடஞ்சிருச்சு. ஒடஞ்ச முனையாலயே கீறி முடிச்சா… எங்கயா? மேல, நம்ம சிமெண்டு வீட்டுலதான்டா. சமையக்கட்டுல, ஃப்ரிட்ஜுக்குப் பின்னால. வர்றப்பல்லாம் அது முன்னாடி நின்னுதான நீ தண்ணி குடிக்கிற.

…ஆமா… இன்னும் இருக்கு. எத்தனையோ தடவ சுண்ணாம்பு அடிச்சாச்சு, ஒவ்வொரு தடவையும் அந்த எடத்துல மட்டும் உம்மா கைய வச்சுப் பொத்திக்கிட்டு நிப்பா. அவ போனதுக்கப்புறம் நான் பொத்திக்கிறேன்.

அழுவுறியா?… சரி, அழு. யாரு வேணாம்னா.

ஸல்மாகிட்ட சொல்லு. கீழ ஆறு, மேல ஒண்ணு. ரெண்டையும் போட்டோ புடிக்கட்டும். புழுக்கைய நான் வாரி வைக்கிறேன், ஆனா ஃப்ரிட்ஜ மட்டும் என்னால ஒத்த ஆளா நகத்த முடியாது. நீ வந்து ஒரு கை புடி. அப்புறம்… ஹலோ? நாயிஃப்?… ஹலோ?…

சே, கட்டாயிடுச்சு.