மாமாவின் பாம்புச் செவி

இந்த நாற்காலி நன்றாக இருக்கிறது, மேடம். முதுகுக்கு அணைவாக இருக்கிறது. எங்கள் ஆபீஸிலும் இப்படி வாங்கிப் போட்டால் உங்கள் கம்பெனிக்கு வரும் இடுப்புவலி க்ளைம் பாதியாகக் குறையும். எழுதிக்கொள்ள வேண்டாம், சும்மா சொன்னேன்.

நீங்கள் கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். குடும்பத்தில் எல்லோருக்கும் சேர்த்து வருஷா வருஷம் மருத்துவக் காப்பீடு எடுக்கிறேன். பிரீமியம் கட்டும்போதெல்லாம் வயிறு எரியும். ஏனென்றால் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் ஒன்றும் வருவதில்லை. என் மனைவிக்குத் தும்மல்கூட வராது. ஆபீஸில் பக்கத்து மேஜைக்காரர் பித்தப்பையை எடுத்துக்கொண்டார், முழங்காலை மாற்றிக்கொண்டார், பாலிசியைப் பிழிந்து காயப்போட்டுவிட்டார். சாப்பாட்டு நேரத்தில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். எனக்கு வாய்த்ததோ கல்லுக்குண்டு மாதிரிக் குடும்பம்.

அதனால் வரிச் சட்டத்தை உட்கார்ந்து படித்தேன். காது கேளாத, சம்பாத்தியமும் இல்லாத பெரியவரை வைத்துக் காப்பாற்றுகிறவனுக்கு வரியில் நல்ல கழிவு உண்டு. காது கேட்கும் கருவிக்குக் காப்பீட்டில் முழுப் பணம். எங்களோடு ஒரு பெரியவர் இருந்தார், என் மாமனார். இரண்டே குறைதான். ஒன்று, அவருக்குப் பாம்புச் செவி. இன்னொன்று, அந்தச் செவியை வைத்தே சம்பாதித்துக்கொண்டும் இருந்தார். பியானோவுக்குச் சுருதி சேர்ப்பது அவர் தொழில். பள்ளிக்கூடம், ஹோட்டல், எங்கே பியானோ முரண்டு பிடித்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

நான் அவர்மேல் ஒரு விரல்கூட வைக்கவில்லை. அதை எழுதிக்கொள்ளுங்கள். டிவி சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன். அழைப்புமணிக்குள் பஞ்சு அடைத்தேன். கீழ் வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வருகிறார்கள், மெதுவாகப் பேசுங்கள் என்று மனைவியிடமும் அத்தையிடமும் சொன்னேன். பாவம், இரண்டு பேரும் நம்பிக் குசுகுசுவென்று பேச ஆரம்பித்தார்கள். மாமா எதிரில் வந்து உட்கார்ந்தால் நான் வாயை மட்டும் அசைப்பேன்.

“என்ன மாப்ளே, ஒண்ணும் கேக்கலையே?”

“நான் கத்திக்கிட்டுத்தானே இருக்கேன் மாமா,” என்பேன், இப்போது கொஞ்சம் குரலோடு.

அவர் முகம் தொங்கிப்போகும். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. மனசு என்று ஒன்று இருக்கிறது அல்லவா.

ஆனால் ஹாலில் இருந்த அவருடைய பழைய பியானோ மட்டும் அவருக்குத் தெளிவாகக் கேட்டது. அது பெரிய இடைஞ்சல். “அது நிஜச் சத்தம் இல்ல மாமா. காது போகப் போக மூளையே சத்தத்தை உண்டாக்கிக் காட்டுமாம்,” என்றேன். எங்கேயோ படித்த மாதிரி இருந்தது. அன்றைக்கே வேலையை விட்டுவிட்டார். “பொய்ச் சத்தத்தை நம்பி அடுத்தவங்க பியானோவைக் கெடுக்கக் கூடாது மாப்ளே,” என்றார். நேர்மையான மனிதரை வைத்துக்கொண்டு காரியம் பார்ப்பது சுலபம்.

பரிசோதனை அன்று மட்டும் எனக்குக் கொஞ்சம் உதறல். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, காதில் ஹெட்ஃபோனை மாட்டிவிட்டு, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். நான் வெளியே நின்று பார்த்தேன். ஒவ்வொரு சத்தத்துக்கும் அவர் புருவம் ஏறியது. விரல் பொத்தான்வரை போய்த் திரும்பியது. முடித்துவிட்டு வெளியே வந்து என் தோளைத் தட்டினார்.

“எல்லாம் நீங்க சொன்ன அந்தப் பொய்ச் சத்தந்தான். ஒண்ணுக்குக்கூட நான் ஏமாறலை மாப்ளே.”

எவ்வளவு பெருமை அந்த முகத்தில். டாக்டர் செவிடு என்று எழுதிக் கொடுத்தார். கழிவும் கிடைத்தது, கருவியும் கிடைத்தது. இருப்பதிலேயே உயர்ந்த கருவியாகப் பார்த்து வாங்கினேன். முழுப் பணமும் நீங்கள் கொடுக்கும்போது மட்டமானதை ஏன் வாங்க வேண்டும்? அங்கேதான் சறுக்கிவிட்டேன். சமையலறையில் அத்தை ஸ்பூனைக் கீழே வைத்தால் ஹாலில் மாமா துள்ளி எழுந்தார். பழகிவிடும் மாமா என்றேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டு காப்பீட்டு ஏஜெண்டுடன் ஃபோனில் மெல்லப் பேசிக்கொண்டிருந்தேன். “மாமாவோட பாம்புக் காதையே செவிடாக்கியாச்சு சார். அடுத்து அத்தையோட கண்ணு. பல்பையெல்லாம் ஒவ்வொண்ணா மங்கலா மாத்திக்கிட்டு வரேன்.” திரும்பினால் கதவு திறந்திருக்கிறது. மாமா நிற்கிறார், பின்னால் என் மனைவி.

“பல்பு வரைக்கும் போயாச்சா மாப்ளே?” என்றார். அவ்வளவுதான். கத்தவில்லை.

மனைவிதான் கத்தினாள். “எங்கப்பா சம்பாதிச்சது நீங்க மிச்சம் பிடிச்ச வரியைவிட ஜாஸ்தி, தெரியுமா?” அது வேறு கணக்கு என்று பொறுமையாக விளக்கினேன். கேட்கிற நிலையில் அவள் இல்லை. மறுநாள் மாமா கருவியை உங்கள் கம்பெனிக்கே திருப்பி அனுப்பினார், தேவைக்கு மேல் நன்றாகக் கேட்கிறது என்று எழுதி. அப்படித்தானே நான் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

ஆமாம், மேடம். நல்ல காதைச் செவிட்டுக் காது என்று நம்பவைத்தது நான்தான். பணத்தைத் திருப்பிக் கட்டிவிடுகிறேன். கையெழுத்து எங்கே போட வேண்டுமோ காட்டுங்கள்.

ஆனால் ஒரு விஷயம் என் மனதை அறுக்கிறது. பள்ளிக்கூடத்திலிருந்து மாமாவை மறுபடி வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். நேற்று அவர் ஹாலில் பியானோவுக்கு முன்னால் உட்கார்ந்து ஒரே கட்டையைத் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தார். “இந்தச் சத்தம் நெசமா வருதா, இல்ல எனக்கு மட்டும் கேக்குதா?” என்று காற்றைப் பார்த்துக் கேட்டார். பக்கத்தில் நான்தான் இருந்தேன்.

“நெசமாத்தான் வருது மாமா. சத்தியமா. உங்க காதுக்கு ஒண்ணுமே இல்லை,” என்றேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பள்ளிக்கூடத்துக்கு ஃபோன் செய்து, வர முடியாது, வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டார்.

பெற்ற பிள்ளை மாதிரிப் பார்த்துக்கொள்ளும் மாப்பிள்ளை பேச்சையே நம்பாத அளவுக்கு அந்த நல்ல மனிதரின் மனதை யார் கெடுத்தார்களோ, அதைத்தான் மேடம் நீங்கள் விசாரிக்க வேண்டும்.